வாசுகியைக் கேளாமல் நான் செய்து வைத்த கலியாணம்

1

என் ஜக்கெற்றின் உள்பையில் ஒன்பது நாட்களாக ஒரு கடிதம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அதைச் சுமந்துகொண்டுதான் ஹோட்டல் சமையலறைக்குப் போகிறேன். ஜக்கெற்றைக் கழற்றிக் கொழுவும்போது ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன். பிறகு பாத்திரம் கழுவும் மெஷினின் ஆவிக்குள் புகுந்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் நிம்மதி. மறுபடி ஜக்கெற்றைப் போடும்போது கடிதமும் கூட வருகிறது.

எழுதியிருப்பவள் என் தங்கை வாசுகி. வயது இருபத்தொன்பது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு சின்னம்மாவோடு இருக்கிறாள். கூடப் படிப்பிக்கும் தங்கராசா மாஸ்டரைக் கட்டப் போகிறாளாம். தங்கராசா எங்கள் ஆட்கள் இல்லை. இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமலே ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு விளங்கிவிடும். சாதி என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் விஷயம். சின்னம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாவாம். மாமன்மார் படியேறி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டுக்குப் பெரியவன் நான். என் சம்மதத்தை நான் கைப்பட எழுதி அனுப்பினால் எல்லோரும் வாயை மூடுவார்கள் என்று எழுதியிருக்கிறாள்.

ஓம், அல்லது இல்லை. ஒரு வரிப் பதில். பதினொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து நாளுக்கு முப்பது கடிதம் எழுதியவனுக்கு இந்த ஒரு வரி ஒன்பது நாளாக வரவில்லை.

வருகிற சனிக்கிழமை என் மனைவி பரிமளத்தின் தம்பி குகனும் அவன் மனைவி உர்சினாவும் கலியாணம் கட்டி ஒரு வருடம் நிறைகிறது. சாப்பாடு எங்கள் வீட்டில். அந்தக் கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். போட்டோவை ஊருக்கும் அனுப்பினேன், பெருமைக்காரன். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வாசுகிக்கு எனக்கு எழுதத் துணிச்சல் வந்ததாம். ஆகவே அந்தக் கையெழுத்தின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்குப் பெருமை தருகிற பகுதி கொஞ்சம்தான்.

2

எண்பத்தைந்தில் சுவிஸின் கூர் நகரத்துக்கு வந்த எங்கள் பெடியள் ஒரு அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று இருந்தார்கள். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே எல்லோருக்கும் கேஸ் எழுதிக் கொடுப்பது என் தலையில் விழுந்தது. அகதி விண்ணப்பத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் கேஸ். உண்மையாகப் பட்ட பாட்டையே நம்பும்படி எழுதுவது பெரிய வேலை. அதற்குள் ஆளுக்கு ஒரு வதந்தி வேறு கொண்டுவருவார்கள்.

குகன் வந்த கிழமை உலாவிய வதந்தி, தனிக்கட்டைகளைத்தான் முதலில் திருப்பி அனுப்புவார்கள், குடும்பக்காரரை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பது. ஆர் சொன்னது என்று கேட்டால் பாசலில் இருக்கிற ஒருவர் சொன்னாராம். அவருக்கு ஆர் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. குகனைக் கலியாணமானவன் என்று எழுதினேன்.

மனைவி பெயர் என்ற இடத்தில் என் பேனை ஒரு கணமும் நிற்கவில்லை. வாசுகி என்று எழுதினேன்.

அதற்கு நியாயம் இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்தேன். நான் பரிமளத்தைக் கட்டியபோதே அது மாற்றுச் சம்பந்தம் என்பது பேச்சு. அவர்களுடைய பெண் எங்கள் வீட்டுக்கு, எங்களுடைய பெண் அவர்கள் பையனுக்கு. எப்படியும் நடக்கப் போகிற கலியாணம்தானே, இப்போதே எழுதிவிட்டால் பிறகு வாசுகியை இங்கே கூப்பிடவும் லேசாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கலியாணத் திகதி எழுத வேண்டி வந்தது. அறையில் ஒருவரிடம் பழைய பஞ்சாங்கம் இருந்தது. அதை வாங்கி, இருவருடைய நட்சத்திரமும் பார்த்து, சுபமுகூர்த்த நாளாக ஒன்றைத் தேர்ந்து எழுதினேன். பொய்க் கலியாணத்துக்கும் முகூர்த்தம் பார்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

குகன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தான், வாசுகியை ஒரு சொல்லுக் கேக்க வேண்டாமோ?" என்றான்.

"பேப்பருக்குத்தானேயடா" என்றேன்.

3

குகனுக்கு வயோதிபர் விடுதி ஒன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. அங்கே முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவள் உர்சினா. மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். அதற்குள் பரிமளமும் பிள்ளையும் என்னிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். இரண்டு வருடம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எண்பத்தெட்டு தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் இருத்தி, "அக்கா, நான் இவவைத்தான் கட்டப் போறன்" என்றான்.

பரிமளம் தேத்தண்ணி போட எழும்பிப் போனவள் குசினிக்குள்ளேயே நின்றுவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தாள். தன் தம்பி வெள்ளைக்காரியைக் கட்டுகிறான் என்பதைவிட, என் தங்கையின் முகத்தில் எப்படி முழிக்கிறது என்பதுதான் அவளுடைய அழுகை. நான் அழவில்லை. எனக்குக் கோபம். வந்திருந்த பெண்ணுக்கு விளங்காத தமிழில் குகனைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். இங்கே இருக்கப் பேப்பர் எடுக்கத்தான் கட்டுகிறாய் என்றும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். உர்சினாவுக்கு மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியது. எழும்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் வீட்டிலும் இதே கூத்துத்தான். தகப்பன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். கறுத்தவனோடு இந்த முற்றத்துக்கு வராதே என்றாராம். அதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனிதர்கள், தோலைப் பார்த்தா ஆளை நிறுக்கிறது என்று பரிமளத்திடம் ஒரு மணித்தியாலம் கத்தினேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இப்போது, ஜக்கெற்றுக்குள் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு பேரும் விவாகப் பதிவுக் கந்தோருக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் அதிகாரி குகனுடைய பெர்மிட் அட்டையைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஏற்கனவே கலியாணமானவர் என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தா. மனைவி பெயர், திகதி எல்லாம் கோப்பில் இருந்தது. என்னுடைய சுபமுகூர்த்தம்.

அன்று பின்னேரம் குகன் வீட்டுக்கு வந்து அட்டையை மேசையில் வைத்தான். உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை மறைத்து என்ன பிரயோசனம்? வாசுகியின் மாப்பிள்ளை இன்னும் கைநழுவவில்லை என்ற சந்தோஷம்.

4

இந்த இடத்தில் ரேட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். ஐம்பது வயது, பெரிய உடம்பு, உரத்த குரல். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஜேர்மன் அவர் ஏசி ஏசிப் படிப்பித்தது.

அவரோடு ஒரே வீட்டில் வெர்னர் என்று ஒருவர் இருந்தார். மலையூர்களுக்குப் போகும் மஞ்சள் போஸ்ட் பஸ்ஸின் சாரதி. வேலை முடிந்து சில நாட்கள் எங்கள் பின்வாசலில் வந்து நிற்பார், இருவரும் சேர்ந்து நடந்து போவார்கள். நான் அவரை ரேட்டோவின் தமையன் என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தேன். எட்டு ஆம்பிளைகள் ஒரு அறையில் இருந்து பழகிய எங்களுக்கு, இரண்டு ஆம்பிளைகள் ஒரு வீட்டில் இருப்பது ஒரு விஷயமாகப் படுமா?

ஒருநாள் வெர்னர் வரவில்லை. "உங்கள் அண்ணன் சுகமா?" என்று கேட்டேன். ரேட்டோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவர் என் அண்ணன் இல்லை, சிவா. உனக்கு உன் மனைவி யாரோ, அவர்தான் எனக்கு அவர்" என்றார். அதுவும் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளை நித்திரையான பிறகு பரிமளத்திடம் சொன்னேன். ஊரிலும் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவருக்குக் கட்டாயக் கலியாணம் செய்து வைத்து மூன்று சீவன்களைப் பாழாக்கினார்கள் என்றாள். எனக்கு அது தெரியாது. பெண்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் சொல்வதில்லை.

எண்பத்தெட்டு மாசியில் வெர்னர் இறந்துபோனார். மாரடைப்பு. பேப்பரில் மரண அறிவித்தல் வந்தது. எங்கள் பத்து வயது மகள் தர்சினி வாசித்துச் சொன்னாள். சகோதரி, சகோதரியின் கணவர், மருமக்கள், மச்சான் முறையானவர்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. ரேட்டோ மாமாவின் பெயர் இல்லை அப்பா என்றாள். தேவாலயத்தில் முன்வரிசை குடும்பத்துக்கு. ரேட்டோ ஐந்தாவது வரிசையில், சமையலறை ஆட்களான எங்களோடு இருந்தார். இருபத்திரண்டு வருடம் ஒரு மேசையில் சாப்பிட்டவர், அன்றைக்கு எங்களில் ஒருவராக வந்து போனார். வீட்டு ஒப்பந்தம் வெர்னரின் பெயரில் இருந்தது. சகோதரியின் குடும்பம் மாத முடிவுக்குள் சாவியைக் கேட்டது.

சவ அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பரிமளம் உடுப்பு மாற்றிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. ஆருக்கு என்று கேட்டேன்.

"செத்த வீட்டில அடுப்பு மூட்டப்படாது. அந்த மனுசனுக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது?"

"சகோதரி வீட்டுக்கெல்லோ குடுக்க வேணும்?" என்றேன். முறை என்று ஒன்று இருக்கிறதே.

"துடக்கு ஆருக்கு?" என்று கேட்டாள் பரிமளம். "அவருக்குத்தானே."

துடக்கு என்பது ஒரு சாவில் யார் யாருக்குத் தீட்டு என்று எங்கள் ஆட்கள் பார்க்கிற கணக்கு. ஆருக்குத் துடக்கோ அவர்தான் உரிமைக்காரர். எந்தச் சட்டமும் எழுதாததை என் மனைவி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு சொல்லிவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். ரேட்டோ கதவைத் திறந்து சட்டியையும் எங்களையும் பார்த்தார். ஊருக்கெல்லாம் சமைக்கிற எனக்கு வெர்னரைத் தவிர வேறொருவரும் சமைத்துத் தந்ததில்லை என்றார். எங்கள் முன்னாலேயே இருந்து, உறைப்பில் கண்ணீர் வழிய, முழுவதையும் சாப்பிட்டார். எங்கள் முறைப்படி எட்டு நாளும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

5

குகனுடைய விஷயத்துக்கு எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டீட்டிகோனில் ஒருவர் இருக்கிறார், கொழும்பிலிருந்து எந்தப் பேப்பரும் எடுப்பிப்பார். மனைவி இறந்துவிட்டதாக ஒரு மரணப் பதிவு எடுத்தால் அலுவல் முடிந்தது. இன்றைய நிலையில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இறந்தாள் என்றால் ஆர் ஏன் என்று கேட்கப் போகிறார்கள்?

குகன் முடியாது என்றான். நான்தான் போகிறேன் என்றேன். நான் எழுதிய கலியாணம், நானே முடித்து வைக்கிறேன் என்று வீறாப்பு. ஒரு விடுமுறை நாளில் றெயின் எடுத்துப் போனேன். அந்த மனிதர் நல்லவர்தான். தேத்தண்ணி தந்து, ஒரு படிவத்தை நீட்டி, விபரத்தை நீங்களே எழுதுங்கோ ஐயா, உங்கட எழுத்து வடிவாயிருக்கும் என்றார்.

இறந்தவரின் பெயர் என்ற இடத்தில் வாசுகி என்று எழுதினேன். வயது எழுதினேன். இறந்த திகதி என்ற இடம் வந்தது. ஷெல் விழுந்த ஒரு நாளைப் போடுங்கோ என்றார் அவர். எந்த நாளைப் போடுவது? நான் போடுகிற நாளில் அவள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்திருப்பாள். கிணற்றடியில் தலை முழுகிக்கொண்டிருந்திருப்பாள். கலியாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்தவன் பேனையைக் கீழே வைத்தேன். நான் எழுதி, அது பலித்துவிட்டால்? கிளாக்கருக்கு இப்படியொரு பயம் வரக்கூடாது. வந்தது. படிவத்தை நாலாகக் கிழித்து என் பைக்குள் வைத்துக்கொண்டு, மன்னியுங்கோ என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

அடுத்த நாள் இடைவேளையில் ரேட்டோ பின்வாசலில் நின்றார். அவரிடம் முழுவதையும் சொன்னேன். அரைகுறை ஜேர்மனில் சொன்னதால் மறைக்கவும் தெரியவில்லை. வாசுகிக்காகக் குகனைப் பிடித்து வைத்திருக்க ஆசைப்பட்டதையும் சொன்னேன்.

அவர் சிகரெட்டை அணைத்தார். "அந்தப் பெடியனுக்கும் பெட்டைக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது. குறுக்கே நிற்கிறது நீ. எங்கள் இரண்டு பேருக்கும் கதவே இருந்ததில்லை" என்றார்.

உள்ளே போய் வெங்காயம் வெட்டத் தொடங்கிவிட்டார். நான் வெளியே நின்றேன். நடக்காத கலியாணம் ஒன்று அரசாங்கக் கோப்பில் திகதியோடு இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் நடந்த ஒன்றுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இது என்ன நீதி என்று எனக்கு அன்றைக்கு வந்த கேள்வி இன்னும் போகவில்லை. ரேட்டோவுக்கும் வெர்னருக்கும் அந்தக் கந்தோர்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்திருக்க வேண்டும். முன்வரிசையில் ஒரு இடமும் பேப்பரில் ஒரு பெயரும் இருந்திருக்க வேண்டும். ஊரில் இதை வாசித்துவிட்டு, சுவிஸுக்குப் போய் இவனுக்கு மண்டை கழன்றுவிட்டது என்பீர்கள். சொல்லுங்கள். நான் அந்த ஐந்தாவது வரிசையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவன்.

6

உண்மையைச் சொல்லப் பதிவுக் கந்தோருக்குப் போனேன். அங்கேயும் ஒரு சங்கடம். என் ஜேர்மன் சமையலறை ஜேர்மன். சட்டியை எடு, தரையைக் கழுவு என்பதற்கு மேல் ஓடாது. அதிகாரிக்கு ஆங்கிலம் வராது. குகனும் உர்சினாவும் சம்பந்தப்பட்டவர்கள், அவர்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டா. ஆகவே வழக்கமாக வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்துக்கும் எனக்காகக் கதைக்கிற தர்சினியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குக் கதிரையில் கால் எட்டவில்லை.

நான் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். ஓரிடத்தில் நின்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, பொய் எண்டு சொல்லவோ, பிழை எண்டு சொல்லவோ?"

பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பொய் எண்டே சொல்லு பிள்ளை" என்றேன்.

சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ கேட்டா. தர்சினி அதை எனக்குத் தமிழில் சொல்வதற்கு முன் தானே ஒருமுறை யோசித்தாள். "தான் கலியாணம் கட்டினது வாசுகி மாமிக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறா."

"இல்லை" என்றேன். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது தர்சினி எனக்கு முன்னால் நடந்தாள். பாலத்தடியில் நின்று, இந்த ஊர் ஜேர்மனில் என்னிடம் ஒன்று கேட்டாள். எங்களோடு தமிழில்தான் கதைப்பவள், அன்று ஜேர்மனில் கேட்டாள். எனக்கும் ஒருநாள் இப்படி எழுதிவிடுவீர்களா என்று கேட்டாள். உனக்கு அப்படிச் செய்வேனா என்றேன். "மாமிக்குச் செய்தனீங்கள்தானே" என்றாள், அதைத் தமிழில்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு எந்தக் கந்தோருக்கும் வருவதில்லை. வீட்டுப்பாடம் இருக்கிறது என்பாள். நான் வற்புறுத்துவதில்லை.

வெளிநாட்டவர் பொலிசிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது, விசாரணை நடந்தது. எங்கள் சொந்தக் கேஸே இன்னும் முடியவில்லை. பொய் எழுதியவன் என்ற குறிப்பு இப்போது என் கோப்பிலும் இருக்கிறது. நாளைக்கு எங்களைப் போகச் சொன்னால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பரிமளத்துக்கு அது தெரியும். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

7

அதிகாரி ஒரு வழி சொன்னா. வாசுகியே சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப வேண்டும், குகனை நான் மணக்கவில்லை என்று. ஆகவே அவளுக்கு எழுத வேண்டி வந்தது. நீ மூன்று வருடமாகக் கலியாணமானவள், இப்போது இல்லை என்று சத்தியம் செய்து அனுப்பு என்று ஒரு தங்கைக்கு எப்படி எழுதுவது? எழுதினேன். தபால் ஓடாத நாட்கள். நாலு மாதம் கழித்துக் கொழும்பால் சுற்றி வந்தது, சமாதான நீதவானின் முத்திரையோடு. கூட ஒரு சின்னத் துண்டு. "கேட்டபடி அனுப்பியிருக்கிறேன். குகனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கோ" என்று மட்டும் இருந்தது. ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

இந்த நாட்டில் கலியாணத்துக்கு முன் இருவருடைய பெயரையும் கந்தோர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டி வைப்பார்கள், ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்லலாம். குகனின் நீண்ட பெயரை ஆட்கள் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். உர்சினாவின் ஊரிலும் ஒட்டினார்கள். அவளுடைய தகப்பன் பார்த்திருப்பார். ஆட்சேபம் சொல்லவுமில்லை, வரவுமில்லை. வெளிநாட்டானைக் கட்டுவதால் தன் குடியுரிமையை விட விருப்பமில்லை என்று உர்சினா தனியாக ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. தன் சொந்த நாட்டில், தான் அந்த நாட்டவள் என்று.

சாட்சிகள் இரண்டு பேர். குகன் பக்கத்துக்கு நான். தகப்பன் வராததால் உர்சினா ரேட்டோவைக் கேட்டாள். அவர் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்தார், வெர்னரின் அடக்கத்துக்குப் போட்ட அதே கோட்டு. என் கையெழுத்து முடிந்து பேனை அவரிடம் போனது. எழுதிவிட்டுப் பேனையை உடனே வைக்கவில்லை, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சந்தைக்கு நானும் வெர்னரும் இந்த வாசலால்தான் நடந்து போவோம், உள்ளே வருவது இன்றைக்குத்தான் என்றார். உர்சினா அவர் தோளில் கை வைத்தாள். அதிகாரி புத்தகத்தை மூடாமல் காத்திருந்தா.

8

சனிக்கிழமை வந்து போய்விட்டது. இந்தக் குறிப்பை ஒரே இருப்பில் எழுத முடியவில்லை. ரேட்டோ கேக் செய்துகொண்டு வந்தார். இப்போது ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருக்கிறார். உர்சினாவுக்கு ஆறு மாதம். எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நான் பரிமாறும்போது இரண்டு தரம் கறியைக் கொட்டினேன்.

எல்லோரும் போன பிறகு பரிமளம் கோப்பைகளைத் துடைத்தபடி, "வாசுகிக்கு என்ன எழுதினனீங்கள்?" என்றாள்.

இன்னும் இல்லை என்றேன். ஊர்நிலைமை, சின்னம்மாவின் உடம்பு, மாமன்மார் என்று இழுத்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் துணியைக் கீழே வைத்தாள்.

"வெள்ளைக்காரிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டனீங்கள். ரேட்டோவுக்குச் செத்த வீட்டுச் சோறு கொண்டு போனனாங்கள். தங்கராசாவின்ர வீட்டில ஒரு வாய்த் தண்ணி குடிப்பியளோ?"

குடித்ததில்லை. அவர்கள் வீட்டுக்கு முன்னால் ஆயிரம் தரம் சைக்கிளில் போயிருக்கிறேன், ஒருமுறையும் இறங்கியதில்லை. தங்கராசாவின் தகப்பன் கச்சேரிக்கு ஒரு பேப்பர் எடுக்க வந்தபோது கதிரை காலியாக இருந்தும் நான் இருக்கச் சொல்லவில்லை. அவர் நின்றபடியே கையெழுத்து வைத்தார். இதை இதுவரை ஆருக்கும் சொன்னதில்லை, இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். உர்சினாவின் தகப்பனை ஒரு மணித்தியாலம் திட்டியவன் நான். அவர் தன் முற்றத்துக்கு வராதே என்று வாயால் சொன்னார். எனக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை, எங்கள் முற்றத்துக்கு அவர்கள் ஒருநாளும் வந்ததில்லை.

ஜக்கெற்றை எடுத்துக் கடிதத்தை மறுபடி வாசித்தேன். கடைசிப் பந்தியை நான் ஒவ்வொரு முறையும் வேகமாகத் தாண்டிவிடுவேன். இந்த முறை தாண்டவில்லை.

"அண்ணை, என்னைக் கேளாமல் ஒருக்கால் கலியாணம் கட்டி வைச்சனீங்கள். என்னைக் கேளாமல் பிரிச்சும் விட்டனீங்கள். ரெண்டுக்கும் நான் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப நான் உங்களைக் கேட்டு எழுதிறன். அந்தளவு மரியாதை உங்களுக்கு நான் தாறன்."

மேசைக்கு முன்னால் இருந்து, முதலில் ஒரு சம்மதக் கடிதம் எழுதினேன். வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில் இத்தால் அறியத் தருவது என்று கச்சேரிப் பாணியில். வாசித்துப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. இருபத்தொன்பது வயதுப் பெண்ணின் கலியாணத்துக்குச் சம்மதம் கொடுக்க நான் ஆர்? குகனுக்கும் உர்சினாவுக்கும் நான் சம்மதம் கொடுக்கவில்லையே, சாட்சி சொன்னேன். அவ்வளவுதானே என் இடம்.

அதைக் கிழித்துவிட்டு வேறொரு தாள் எடுத்தேன். பெயரைக் களவாய் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். தங்கராசாவின் தகப்பனுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், நீயே கொண்டுபோய்க் கொடு, அந்தக் கதிரையைப் பற்றி அதில் எழுதியிருக்கிறேன் என்றேன். சின்னம்மாவுக்கும் மாமன்மாருக்கும் காட்டுவதற்கு, இந்தக் கலியாணத்தில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம் என்று ஒரு தாளில் தனியாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கேள்வி எழுதினேன். அதை எழுதத்தான் விடியப் பார்த்துவிட்டது.

"தங்கச்சி, உன்னுடைய கலியாணத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடலாமோ? ஊருக்கு வர விட்டால் வருவேன். விடாவிட்டால் என் பெயரில் ஆர் போட வேண்டும் என்பதை நீயே சொல்லு."

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் மஞ்சள் பெட்டிக்குள் போட்டேன். ஜக்கெற் லேசாக இருந்தது, மனம் அப்படியில்லை. பதில் வர ஒரு மாதமோ மூன்று மாதமோ ஆகும். வேண்டாம் அண்ணை என்று அவள் எழுதினாலும் எழுதுவாள். இந்த முறை நான் அவளைக் கேட்டிருக்கிறேன்.